தாளைப் பாருங்கள், காலைப் பாருங்கள், ஆளைப் பாருங்கள்

ஈசிடி அறைக்குப் புதிதாக வரும் பி.ஜி. பிள்ளைகள் முதல் வாரத்தில் எல்லோரும் ஒரே இடத்தைத்தான் பார்க்கிறார்கள்: மிஷினில் ஓடும் வினாடிக் கணக்கை. "முப்பத்திரண்டு வந்திருக்கு சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுகிறார்கள். அந்த எண்ணோடு வெளியே வரும் ஈஈஜி தாளை எப்படிப் படிப்பது, எதை நம்புவது, எதை நம்பக்கூடாது என்று வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். மேலை நாடுகளில் ஈசிடி பெரும்பாலும் மனச்சோர்வுக்குத்தான். நம் ஊரில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் மனச்சிதைவுக்காரர்கள் ஏராளம். ஆகவே அவர்களை வைத்தே பேசுகிறேன்.

1. வலிப்புதான் மருந்து, மின்சாரம் அதைக் கொண்டுவரும் வண்டி மட்டுமே. இது மண்டையில் ஏறாமல் ஈஈஜி படித்துப் பயனில்லை. 1934-இல் புடாபெஸ்டில் மெடூனா மனச்சிதைவு நோயாளிகளுக்கு வலிப்பு வரவைத்தபோது மின்சாரமே இல்லை. கற்பூரத்தை எண்ணெயில் கலந்து ஊசியாகப் போட்டார். வலிப்பு நோயும் மனச்சிதைவும் ஒன்றுக்கொன்று பகை என்பது அவருடைய கணிப்பு. அந்தக் கணிப்பு நிற்கவில்லை, சிகிச்சை நிலைத்துவிட்டது. 1938-இல் ரோமில் செர்லெட்டியும் பினியும் அதே வலிப்பை மின்சாரத்தால் வரவைத்தார்கள். அவர்களுடைய முதல் நோயாளிக்கும் மனச்சிதைவுதான். 1960-இல் ஒட்டோசன் லிக்னோகெய்ன் கொடுத்து வலிப்பைப் பாதியில் அமுக்கிப் பார்த்தார். அதே மின்சாரம் பாய்ந்தும் பலன் குறைந்தது. ஆக, எத்தனை மில்லி கூலும் கொடுத்தீர்கள் என்பது நீங்கள் கொடுத்த கணக்கு. மூளை என்ன வாங்கிக்கொண்டது என்பதைத் தாள்தான் சொல்லும்.

2. தசையைத் தளர்த்தும் ஸ்கோலின் வந்த நாளிலிருந்து வலிப்பு நம் கண்ணுக்கு மறைந்துவிட்டது. அதற்கு முன் உடம்பே தூக்கிப்போட்டது, சந்தேகத்துக்கே இடமில்லை. எலும்பு முறிவைத் தடுக்கத் தசையைத் தளர்த்தினோம், கூடவே சாட்சியையும் இழந்தோம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மயக்க மருந்தும் தசைத் தளர்வும் இல்லாத ஈசிடியை அறவே தடை செய்துவிட்டது. நல்லதுதான். ஆனால் அதனாலேயே மூளை அலையைப் பார்ப்பது வசதியுள்ள மருத்துவமனையின் அலங்காரமாக இல்லாமல் அன்றாட வேலை ஆகிவிட்டது.

3. நெற்றியைத் துடையுங்கள். கேட்டால் சிரிப்பீர்கள். ஈசிடி நாளன்று காலையில் அம்மாக்கள் பிள்ளைக்குக் கோயில் விபூதியை நெற்றி நிறையப் பூசித்தான் அனுப்புவார்கள். தலையில் முந்தின நாள் எண்ணெய் வேறு. நாம் ஈஈஜி எலக்ட்ரோடு ஒட்டும் இடமோ சரியாகப் புருவத்துக்கு மேலே. இன்னொன்று காதுக்குப் பின்னால் உள்ள எலும்பின்மேல். இரண்டு பக்கமும் இப்படியே. விபூதியின் மேல் ஒட்டினால் தாளில் வருவது மூளை அலையாக இருக்காது. ஸ்பிரிட் பஞ்சால் தோல் லேசாகச் சிவக்கும்வரை தேய்த்து, காயவிட்டு ஒட்டுங்கள். விபூதியைத் துடைக்கும் முன் நோயாளியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சந்தேக நோய் உள்ளவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்வார். அம்மாவிடம், "முடிஞ்சு வெளியே வந்ததும் நீங்களே பூசி விடுங்கம்மா" என்றால் தீர்ந்தது. ஜெல்லைத் தாராளமாகப் பிதுக்காதீர்கள். மின்சாரம் கொடுக்கும் எலக்ட்ரோடின் ஜெல் வழிந்து பக்கத்து ஈஈஜி எலக்ட்ரோடைத் தொட்டால் மின்சாரம் தோல் வழியாகவே ஓடிவிடும், மூளைக்குப் போவது குறையும்.

4. அடிநிலைத் தாளை ஓட்டாமல் பொத்தானைத் தொடாதீர்கள். மயக்கம் கொடுத்த பிறகு, மின்சாரத்துக்கு முன், சில வினாடிகளாவது இந்த ஆளுடைய மூளை சும்மா இருக்கும்போது எப்படி எழுதுகிறது என்று பார்க்க வேண்டும். குளோசபைன் சாப்பிடுகிறவரின் அலைகள் முன்பே மெதுவாக இருக்கும், நடுநடுவே கூர்முனைகளும் தலைகாட்டலாம். அதைப் பார்த்து வைக்காதவர், கடைசியில் வலிப்பு நின்றதா இல்லையா என்று தெரியாமல் திண்டாடுவார்.

5. கஃப்பை ஸ்கோலினுக்கு முன் கட்டுங்கள். இரத்த அழுத்தக் கஃப்பைக் கணுக்காலுக்கு மேல் சுற்றி, சிஸ்டாலிக் அளவைத் தாண்டி ஏற்றிவிட்டால் அந்தப் பாதத்துக்கு மருந்து போகாது. உடம்பு முழுதும் தளர்ந்து கிடக்க, அந்த ஒரு பாதம் மட்டும் வலிப்பைக் காட்டும். தலையின் வலது பக்கம் மட்டும் மின்சாரம் கொடுக்கிறீர்கள் என்றால் வலது காலிலேயே கட்டுங்கள். வலது பாதத்தை ஆட்டுவது இடது மூளை. அது ஆடினால் வலிப்பு மறுபக்கத்துக்கும் பரவிவிட்டது என்று பொருள். கஃப் கட்டாத காலையும் கவனியுங்கள்: ஸ்கோலின் ஏறும்போது கெண்டைக்கால் சதை புழுவாக நெளிந்து, பாதம்வரை இறங்கி, அடங்கும். அது அடங்கும் முன் அவசரப்பட்டுப் பொத்தானை அழுத்தாதீர்கள். காலில் ஆறாத புண் உள்ள சர்க்கரை நோயாளிக்கும், இரத்தக்கட்டி உள்ளவருக்கும் கஃப் வேண்டாம். வலிப்பு முடிந்ததும் காற்றை இறக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். எல்லோரும் தலைப்பக்கம் ஓடிவிடுவதால் காலை மறந்துவிடுவது சகஜம்.

6. இனி தாள். இதற்குத்தான் இவ்வளவும், எனவே நிதானமாகச் சொல்கிறேன்.

மின்சாரம் நின்றதும் சில வினாடி கோடு குழம்பும். பிறகு நெருக்கமான, வேகமான, உயரம் குறைந்த கூர்முனைகள் சீப்பின் பற்களைப் போல வரிசைகட்டும். உடம்பு விறைத்திருக்கும் நேரம் இது; கஃப் கட்டிய பாதத்தில் விரல்கள் கீழ்நோக்கி வளைந்து நிற்பதைக் காணலாம். அடுத்து அலைகள் உயரும், இடைவெளி விடும்: பல கூர்முனைகள், அவற்றை அடுத்து ஒரு பெரிய மெதுவான அலை, மறுபடி கூர்முனைகள், மறுபடி அலை. வினாடிக்கு ஏறத்தாழ மூன்று என்ற கணக்கில் இது ஓடும். பாதம் இப்போது வெட்டி வெட்டி இழுக்கும். தாளையும் பாதத்தையும் மாறி மாறிப் பார்த்தால் இரண்டும் ஒரே தாளத்தில் போவது தெரியும். போகப்போகத் தாளம் தளரும். பாதம் நின்றுவிடும், தாள் இன்னும் சில வினாடி ஓடும். பிறகு, நல்ல வலிப்பு என்றால், கத்தியால் வெட்டியது போலச் சட்டென்று நின்று கோடு தட்டையாகிவிடும்.

நான்கு கேள்விகளை மனத்துக்குள் கேளுங்கள். அலைகள் போதிய உயரம் எழுந்தனவா? இடது வலது இரண்டு வரியும் ஒன்றாக ஓடினவா? தாளம் ஒழுங்காக இருந்ததா? முடிவு தெளிவாக இருந்து கோடு தட்டையானதா? குட்டை குட்டையாக, ஒழுங்கில்லாமல், எங்கே முடிந்தது என்று விரல் வைக்க முடியாமல் தேய்ந்து மறையும் வலிப்பு ஏழை வலிப்பு. அது ஒரு நிமிடம் ஓடியிருந்தாலும் ஏழைதான்.

நாடித்துடிப்பையும் சேர்த்துப் பாருங்கள். வலிப்பின்போது எகிறும், முடியும் தறுவாயில் இறங்கும். தாளில் முடிவு புரியாத நாள்களில் இது கைகொடுக்கும்.

7. தாளில் ஆடுவதெல்லாம் மூளை இல்லை. அனஸ்தீஷியா டாக்டர் ஆம்பு பேக்கை அழுத்தும் ஒவ்வொரு முறையும் தலை லேசாக அசையும். மெதுவான பெரிய அலை எழும், பார்ப்பவர் வலிப்பு நீடிக்கிறது என்று பயப்படுவார். அவரை இரண்டு வினாடி கையை எடுக்கச் சொல்லுங்கள், அலை போய்விடும். தட்டையான கோட்டில் சீரான இடைவெளியில் சின்னச் சின்ன முள் தெரிந்தால் அது இதயம். ஈசிஜி திரையோடு ஒப்பிட்டால் ஒத்துப்போகும். தாடைத் தசை துடித்தாலும் கூர்முனை மாதிரியே இருக்கும்.

8. வினாடிக் கணக்குக்கு அடிமையாகாதீர்கள். காலில் 20 வினாடி, ஈஈஜியில் 25 வினாடி என்று நாம் வைத்திருக்கும் கணக்கு, வலிப்பு வந்ததா இல்லையா என்பதற்கான குறைந்தபட்ச எல்லை. அதற்குமேல் அதற்கு மரியாதை கிடையாது. 1987-இல் சாக்கைமும் அவருடைய குழுவினரும் மனச்சோர்வு நோயாளிகளில் காட்டியது இதுதான்: ஒருபக்க ஈசிடியில், வலிப்பு வரவைக்கப் போதுமான அளவை ஒட்டியே மின்சாரம் கொடுத்தபோது வினாடிக் கணக்கு சரியாக வந்தது, நோய் குறையவில்லை. மின்சாரத்தை அந்த அளவுக்கு மேல் நன்றாக உயர்த்தினால் வலிப்பின் நீளம் குறையவும் செய்யும், தரம் கூடும். ஆகவே முதல் நாள் 70 வினாடி, மூன்றாம் நாள் 35 வினாடி என்றால் "குறைஞ்சிடுச்சு சார்" என்று கவலைப்படாதீர்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உயரத்தையும் முடிவையும் ஒப்பிடுங்கள். வயதானவர்களுக்கு வலிப்பு இயல்பிலேயே குறுகும். சிகிச்சை நாள் ஏற ஏற வலிப்புக்கான எல்லையும் ஏறும், அதனாலும் குறுகும்.

மிஷின் அச்சடித்துத் தரும் வலிப்புக்குப் பிந்திய அமுக்கக் குறியீட்டு விழுக்காடும் இந்த ரகம்தான். தாள் சுத்தமாக இருந்தால் அது உதவும். ஏழாவதாகச் சொன்ன குழப்பங்கள் இருந்தால் அது குழப்பத்துக்குத்தான் விழுக்காடு போட்டுத் தரும்.

9. ஏழை வலிப்பு வந்தால் மிஷினைத் திட்டும் முன் கேஸ் ஷீட்டைப் பிரியுங்கள். மனச்சிதைவு நோயாளிகளிடம் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ராத்திரி ஆர்ப்பாட்டம் செய்தார் என்று டூட்டி டாக்டர் லோரசெபாம் ஊசி போட்டிருப்பார். கோபத்தை அடக்க எப்போதோ தொடங்கிய வால்புரோயேட்டை நிறுத்த யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். இரண்டும் வலிப்பைத் தடுக்கும் மருந்துகள். ஒரு கையால் தடுத்துக்கொண்டே மறு கையால் வரவைக்கப் பார்க்கிறோம். கெட்டடோனியாவில் இது தர்மசங்கடம், ஏனென்றால் அங்கே லோரசெபாம்தான் முதல் மருந்து. அதில் ஆள் எழுந்திருக்காமல்தான் ஈசிடிக்கு வந்திருப்பார். முந்தின இரவு டோஸைத் தள்ளிப்போட முடியுமா, மின்சாரத்துக்குச் சற்று முன் ஃபுளுமாசெனில் கொடுத்து அதன் வேலையை முறிக்கலாமா என்று சீனியரிடம் கேளுங்கள்.

மயக்க மருந்தையும் பாருங்கள். புரோபோஃபால் வலிப்பைக் குறுக்கும். தயோபென்டோன் அளவு கூடினாலும் குறுக்கும். எட்டோமிடேட், கீட்டமின் அவ்வளவு குறுக்காது. மயக்கம் ஏறிய உடனே பொத்தானை அழுத்தாமல் கொஞ்சம் பொறுத்து, அந்த இடைவெளியில் ஆக்சிஜனோடு வேகமாகச் சில மூச்சு கொடுக்கச் சொன்னாலே சில நாள் தாள் திருந்திவிடும். அனஸ்தீஷியா டாக்டரோடு நட்பாக இருங்கள். இந்த அறையில் பாதி ஈஈஜி அவர் கையில்.

குளோசபைன் எதிர்த்திசை. வலிப்பை எளிதாக்கும், சில நேரம் நீட்டும். லித்தியமும் அப்படியே, கூடவே விழித்தபின் குழப்பத்தையும் கூட்டும். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் எடுக்கிறாரா என்றும் கட்டாயம் கேளுங்கள், அதுவும் வலிப்பை நீட்டும்.

10. வலிப்பே வரவில்லையா, இருபது வினாடியாவது காத்திருங்கள். தாமதமாகத் தொடங்குவதுண்டு. வராவிட்டால் எலக்ட்ரோடு, ஜெல், இணைப்பு மூன்றையும் சரிபார்த்து, அளவை உயர்த்தி, மயக்கம் இன்னும் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு மறுபடி கொடுங்கள். வந்து பாதியில் நின்ற வலிப்பு என்றால் இன்னும் பொறுக்க வேண்டும். மூளை உடனே இன்னொரு வலிப்புக்கு இணங்காது. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, அங்கே படித்துக்கொள்ளுங்கள்.

11. நிற்காத வலிப்புக்கு முன்கூட்டியே ஊசியை எடுத்து வையுங்கள். தாளில் இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் வேடிக்கை பார்க்கக் கூடாது. மிடசோலமோ டயசெபாமோ நரம்பில் போடுங்கள், அல்லது மயக்க மருந்தையே மறுபடி கொடுக்கச் சொல்லுங்கள். ஆக்சிஜன் நிற்கக் கூடாது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கால் நின்றதும் எலக்ட்ரோடுகளைப் பிய்த்து எடுத்துவிடும் பழக்கத்தை விடுங்கள். பாதம் அசையாமல் கிடக்க, மூளைக்குள் வலிப்பு ஓடிக்கொண்டே இருக்கலாம். அப்படிப்பட்டவர் கண்ணைத் திறந்தபடி, பதில் சொல்லாமல், ஒரே இடத்தை வெறித்துக்கொண்டு படுத்திருப்பார். வேறு நோயாளியாக இருந்தால் யாராவது சந்தேகப்படுவார்கள். மனச்சிதைவு நோயாளி என்றால், "இவர் எப்பவுமே இப்படித்தான் சார்" என்று சொல்லிவிடுவார்கள். கெட்டடோனியா என்றால் கேட்கவே வேண்டாம், கை கால் விறைப்பும் மௌனமும் கேஸ் ஷீட்டிலேயே எழுதியிருக்கும். நோயையும் நிற்காத வலிப்பையும் வெறும் கண்ணால் பிரிக்க முடியாத இடம் இது. கோடு தட்டையாகி, மெதுவான அலைகள் திரும்பி, ஆள் பெயர் சொல்லும்வரை எலக்ட்ரோடு நெற்றியிலேயே இருக்கட்டும். வார்டுக்குப் போனபின் சந்தேகம் வந்தால் மறுபடி ஒட்டிப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள்.

12. அருமையான தாள் வந்தது என்பதற்காகக் குரல்கள் அடங்கிவிட்டன என்று எழுதிவிடாதீர்கள். தட்டையான முடிவுக்கும் குணமாவதற்கும் உறவு உண்டு என்ற பேச்சு பெரும்பாலும் மனச்சோர்வு ஆய்வுகளிலிருந்து வந்தது. மனச்சிதைவில் அதே உறுதியோடு சொல்ல ஆதாரம் போதாது. தாள் சொல்வது, வலிப்பு வந்தது, பரவியது, நின்றது என்பதுதான். மீதியை வார்டில் போய்ப் பார்க்க வேண்டும்: நேற்று சாப்பாட்டில் விஷம் என்று தட்டைத் தள்ளியவர் இன்று சாப்பிட்டாரா, குளித்தாரா, சிஸ்டரிடம் என்ன பேசினார்?

பார்த்தும் முன்னேற்றம் இல்லையென்றால் அளவை மட்டும் ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். எலக்ட்ரோடு வைக்கும் இடத்தை மாற்றலாமா என்று யோசியுங்கள். மனச்சிதைவு நோயாளிகளில் இரு பொட்டிலும் வைப்பதைவிட நெற்றியின் இருபுறமும் வைப்பது நோயையும் அதிகம் குறைத்தது, நினைவையும் அதிகம் காத்தது என்று பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வு 2013-இல் காட்டியது. குளோசபைனும் கேட்காதவர்களுக்கு அதோடு ஈசிடியைச் சேர்த்துப் பார்த்தார் பெட்ரைட்ஸ். 2015-இல் வெளியான அந்த அமெரிக்க ஆய்வில் எட்டு வாரத்தில் பாதிப் பேருக்குப் பலன், குளோசபைன் மட்டும் தொடர்ந்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. மொத்தம் 39 பேர்தான், எந்தச் சிகிச்சை என்று நோயாளிகளுக்குத் தெரியும். அதை மறந்துவிட்டு மேற்கோள் காட்டாதீர்கள். பிறகு பிரேசிலில் போலி ஈசிடியோடு ஒப்பிட்ட ஒரு சிறிய ஆய்வு அப்படி வித்தியாசம் எதையும் காட்டவில்லை. வேலூர் சி.எம்.சி.யின் பிரதாப் தாரியனும் கிளைவ் ஆடம்ஸும் 2005-இல் எழுதிய காக்ரேன் மறுஆய்வை ஒவ்வொருவரும் ஒருமுறையாவது முழுதாகப் படியுங்கள். மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் விரைவான முன்னேற்றம் உண்டு, அந்த ஆரம்ப லாபம் நீண்டநாள் நிற்காமல் போகலாம் என்பது அதன் சாரம். நிற்க வைப்பது பிறகு நாம் கொடுக்கும் மருந்தின் வேலை.

13. வீட்டாரிடம் பேசுங்கள், தாளைக் காட்டி ஜம்பம் அடிக்காதீர்கள். ஒரு அம்மா கேட்டார்: "ஏன் சார், கரண்டு வச்சா பையனுக்கு எல்லாம் மறந்து போயிடுமா? சினிமால காட்டுறாங்களே." அவருக்கு ஈஈஜி அலையைப் பற்றிப் பாடம் வேண்டாம். "தூங்க வச்சுத்தாம்மா செய்வோம், வலி தெரியாது. இந்த வாரங்கள்ல நடந்தது கொஞ்சம் மறக்கும், பெரும்பாலும் போகப்போகச் சரியாகும். சிலதுக்கு நினைவு திரும்பாமயும் போகலாம். மூளை எப்படி இருக்குன்னு பார்த்துக்கிட்டேதான் செய்வோம்" என்று சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். "ஒண்ணும் ஆகாதும்மா" என்று பூசி மெழுகுவதைவிட இது நல்லது. கையெழுத்து வாங்குவதை இதற்குப் பிறகு வையுங்கள். பதினெட்டு வயது ஆகாதவருக்குப் பாதுகாவலரின் சம்மதத்தோடு மனநல வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும். அவசர சிகிச்சை என்ற பெயரில் ஈசிடி கொடுக்கச் சட்டத்தில் இடமே இல்லை.

14. தாளை மடித்து வைக்கும் முன் அதன்மேலேயே பேனாவால் எழுதுங்கள்: நோயாளி எண், தேதி, எத்தனையாவது ஈசிடி, எலக்ட்ரோடு வைத்த இடம், கொடுத்த அளவு, மயக்க மருந்தின் பெயரும் அளவும், காலில் எத்தனை வினாடி, தாளில் நீங்கள் கண்ணால் எண்ணிய வினாடி எத்தனை, மிஷின் சொன்னது எத்தனை. கடைசி இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் எழுதுங்கள், ஒன்றை அடித்துவிடாதீர்கள். இந்தத் தாள் பஸ் டிக்கெட் ரகம், சூட்டில் அச்சாகிறது. நம் ஊர் வெயிலுக்குச் சில வருடத்தில் வெளுத்துப்போகும். அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து கேஸ் ஷீட்டில் பின் போடுங்கள். ஆறு மாதம் கழித்து நோய் திரும்பி அதே ஆள் வரும்போது, எந்த அளவில் எப்படிப்பட்ட வலிப்பு வந்தது என்பதை உங்களுக்கு அடுத்து வரும் பி.ஜி. அதிலிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.